இங்கிலாந்து ஊர் ஒன்றில் வாழ்ந்த சின்ன யூத சமூகத்தைத் தேடிப் பிடிப்பது எப்படி: ஃபால்மவுத்தை வைத்து ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வாலின் கிட்டத்தட்டக் கடைக்கோடியில் பென்சான்ஸ் என்று ஓர் ஊர். அதன் பெரிய கடைத்தெருவுக்கு மார்க்கெட் ஜ்யூ தெரு என்று பெயர். பலகையைப் பார்த்த அந்த நிமிடமே "சரி, இங்கே யூதர்கள் சந்தை போட்டிருக்கிறார்கள்" என்று நான் முடிவு கட்டிவிட்டேன். தப்பு. கார்னிஷ் மொழியில் 'மார்ஹாஸ் யோ' என்றால் வியாழக்கிழமைச் சந்தை. பக்கத்து ஊரான மராசயனில் கூடிய சந்தை அது, அங்கே போகிற தெரு இது. கார்னிஷ் தெரியாத ஆங்கிலக் காதில் 'யோ' ஜ்யூவாக விழுந்துவிட்டது, அவ்வளவுதான். இதோடு விட்டார்களா என்றால் இல்லை. பழைய தகர உலைகளுக்கு ஜனங்கள் 'யூதர் வீடு' என்று பெயர் வைத்திருந்ததையும் சேர்த்துக்கொண்டு, பழங்காலக் கடல் வணிகர்களான பீனிசியர் காலத்திலிருந்தே யூதர்கள் இங்கே தகரம் எடுக்க வந்தார்கள் என்று ஒரு பெரிய கதையையே கட்டிவிட்டார்கள். ஆதாரம் ஒன்றும் கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், அதே பென்சான்ஸில் நிஜமாகவே ஒரு யூத சமூகம் இருந்தது. அங்கிருந்து கிழக்கே, ஃபால்மவுத் துறைமுகத்தில் இன்னொன்று. இரண்டுமே சின்னவை, இரண்டுமே முடிந்துபோனவை, அந்தத் தெருப் பெயருக்கும் இவற்றுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பெயர் கத்துகிற இடத்தில் ஒன்றும் இருக்காது, பெயரே இல்லாத சந்தில் எல்லாம் இருக்கும். இந்த வேலை முழுக்க இப்படித்தான் போகும், பழகிக்கொள்ளுங்கள்.

முதலில் காலத்தைப் பிரியுங்கள்

இங்கிலாந்து யூதர் வரலாறு நடுவில் அறுந்த கயிறு. 1290ல் முதலாம் எட்வர்டு மன்னன் எல்லா யூதர்களையும் நாட்டை விட்டு வெளியேற்றினான். 1656ல், கிராம்வெல் ஆட்சியில்தான், மறுபடி வெளிப்படையாகக் குடியிருக்க வழி பிறந்தது. நடுவே 366 வருடம். அதனால் உங்கள் ஊர் லிங்கன், யார்க், நாரிச் மாதிரி இடைக்கால ஊரா, அல்லது ஃபால்மவுத் மாதிரி பின்னால் வளர்ந்த ஊரா என்பதை முதல் நாளே தீர்மானித்துவிடுங்கள், ஏனென்றால் இரண்டுக்கும் ஆவணங்களே வேறு. இடைக்காலத்து யூதர்களைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி அரச கருவூலம் எழுதி வைத்த வரி, கடன் கணக்குதான். மன்னனுக்கு அவர்கள் மேல் இருந்த அக்கறை அந்த அளவில்தான்.

இடைக்கால ஊர் என்றால் ஒரு எச்சரிக்கை. காணாமல் போன கிறிஸ்தவப் பையனை யூதர்கள் சடங்குக்காகக் கொன்றார்கள் என்ற பழி பல ஊர்களில் எழுந்தது. நாரிச்சில் 1144ல் ஒரு பையன் இறந்ததை ஒட்டி வந்த கதை, லிங்கனில் 1255ல் வந்த கதை. லிங்கன் பழியில் பதினெட்டு பத்தொன்பது பேரைத் தூக்கில் போட்டார்கள். இதெல்லாம் பச்சைப் பொய். இப்படி ஒன்று உங்கள் ஊர்க் கதையிலும் இருந்தால் "என்று சொல்லப்படுகிறது" என்று மழுப்பி எழுதிவிட்டுப் போகாதீர்கள். பொய் என்றால் பொய் என்றே எழுதுங்கள், எத்தனை பேரைக் கொன்ற பொய் என்பதையும் சேர்த்து.

இனி நான் சொல்வது 1656க்குப் பிற்பட்ட, 18, 19ம் நூற்றாண்டுச் சிற்றூர்ச் சமூகங்களைப் பற்றி.

பிழைப்பைத் தேடுங்கள், ஜெப ஆலயம் தானாக வரும்

எல்லோரும் முதலில் யூதர்கள் கூடி வழிபடுகிற ஜெப ஆலயம் எங்கே இருந்தது என்று தேடுவார்கள். நான் சொல்வது, இவர்கள் ஏன் இந்த ஊருக்கு வந்தார்கள் என்று முதலில் கேளுங்கள். ஃபால்மவுத்தில் பதில் ஒரே வார்த்தை: தபால் கப்பல். 17ம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 19ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அரசாங்கத் தபாலை ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் அமெரிக்காவுக்கும் கொண்டுபோன கப்பல்கள் இங்கிருந்துதான் கிளம்பின. கப்பல் வந்தால் மாலுமி வருவான், மாலுமி கையில் சம்பளம் இருக்கும், அவனுக்குக் கடிகாரம், கொக்கி, மோதிரம், துணிமணி வேண்டும், அடுத்த பயணத்துக்கு முன்னால் எதையாவது அடகு வைக்கவும் வேண்டும்.

அந்த ஊரில் கால் ஊன்றியவர்களில் முக்கியமானவர் அலெக்சாண்டர் மோசஸ், வெள்ளி வேலைக்காரர். ஊருக்குள் 'ஸெண்டர் ஃபால்மவுத்' என்றுதான் பெயர். இவர் செய்த ஏற்பாட்டை நான் முதலில் படித்தபோது பலே என்று சொல்லிவிட்டேன். தலைச்சுமை வியாபாரம் செய்ய அந்தக் காலத்தில் அரசாங்க உரிமம் வாங்க வேண்டும். 1697ல் வந்த சட்டப்படி நடந்து போகிறவனுக்கே வருடத்துக்கு 4 பவுண்டு. புதிதாக வந்த ஏழைப் பையனிடம் அவ்வளவு பணம் ஏது? ஸெண்டர் உரிமத்துக்குப் பணம் கொடுத்து, விற்க சரக்கும் கொடுத்து அனுப்புவார். நிபந்தனை ஒன்றே ஒன்று: வாரம் முழுக்க எந்தக் கிராமத்தில் சுற்றினாலும் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் ஃபால்மவுத் திரும்பிவிட வேண்டும். ஏனென்றால் யூதர்களின் கூட்டு ஜெபத்துக்கு வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். இதற்கு மின்யான் என்று பெயர். ஒன்பது பேர் இருந்தால் சமூகம் இல்லை, பத்தாவது ஆள் வந்தால் உண்டு. ஸெண்டர் கடன் கொடுத்தே அந்தப் பத்தாவது ஆளை உண்டாக்கினார். சனிக்கிழமை ஓய்வுநாள், ஞாயிற்றுக்கிழமை கணக்கு வழக்கு, அப்புறம் மறுபடி மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

இது நமக்கு எப்படித் தெரியும்? ஃபால்மவுத்தில் பிறந்த இஸ்ரேல் சாலமன் என்பவர் வயதான காலத்தில், 1887ல், நியூயார்க்கில் அச்சிட்ட ஒரு சின்னக் குடும்பக் குறிப்பிலிருந்து. கார்ன்வால் ஊரின் கதை அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் கிடைக்கிறது. அதனால் உங்கள் தேடலை ஊர் எல்லையோடு நிறுத்தாதீர்கள். பிழைப்புக்காக வந்த ஜனம் பிழைப்புக்காகவே கிளம்பியும் போயிருக்கும், போகும்போது ஞாபகங்களையும் மூட்டை கட்டிக்கொண்டுதான் போயிருக்கும்.

ஆக, முதல் வேலை: உங்கள் ஊரில் 1750லிருந்து 1850 வரை காசு எங்கிருந்து வந்தது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். கடற்படைத் துறைமுகமா, சுரங்கமா, கடற்கரைச் சுற்றுலாவா, சந்தையா? பெரும்பாலும் அந்தப் பக்கமே உங்கள் சமூகம் எப்போது தொடங்கியது, எப்போது தேய்ந்தது என்று சொல்லிவிடும்.

கல்லறைக்குப் போங்கள், ஆனால் சுரண்டாதீர்கள்

ஜெப ஆலயத்தை விற்பார்கள், இடிப்பார்கள், கடையாக மாற்றுவார்கள். கல்லறையைத் தொட மாட்டார்கள். யூத வழக்கப்படி புதைத்த இடம் எப்போதைக்கும் இறந்தவருக்குத்தான். அதனால் சமூகம் போய் நூறு வருடம் ஆனாலும் மதில் சுவரோடு ஒரு துண்டு நிலம் மிச்சம் இருக்கும். ஃபால்மவுத்தில் அது ஊருக்கு வெளியே, பென்ரின் போகிற சாலையில், பான்ஷார்டன் என்ற இடத்தில் இருக்கிறது. 18ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கி 1913 வரை அங்கே அடக்கம் நடந்தது. பக்கத்து நிலம் இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபையோடு சேராத கிறிஸ்தவர்களின் கல்லறை. ஊர்க் கோயில் முற்றத்தில் இடம் கேட்டுப் போகாத இரண்டு கூட்டத்தாருக்கும் ஒரே மேட்டில் அடுத்தடுத்து இடம் கிடைத்திருக்கிறது. இதையும் உங்கள் ஊரில் பாருங்கள்: யூதர் கல்லறைக்கு அண்டை யார்?

போவதற்கு முன் அனுமதி கேளுங்கள். இம்மாதிரி இடங்கள் பெரும்பாலும் பூட்டியிருக்கும், சாவி ஊர்க் கவுன்சிலிடமோ பராமரிப்புக் குழுவிடமோ இருக்கும். சனிக்கிழமை போகாதீர்கள். ஆண்கள் தலையை மூடிக்கொள்வது மரியாதை. பூ வைக்க வேண்டாம், ஒரு கூழாங்கல்லை வைத்தால் போதும்.

எழுத்து தெரியவில்லை என்று கம்பி பிரஷ், சாக்பீஸ், ஷேவிங் நுரை எதையும் கொண்டுபோகாதீர்கள். இருநூறு வருடம் மழையைத் தாங்கின கல் உங்கள் ஒரு மத்தியானத்தைத் தாங்காமல் போகலாம். ஒரு டார்ச்சோ முகம் பார்க்கும் கண்ணாடியோ போதும். வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து, கல்லை உரசுகிற மாதிரி சாய்த்து அடியுங்கள். நேரே பார்த்தால் வெறும் கல்லாக இருக்கும், சாய்த்து அடித்ததும் எழுத்து நிழலோடு எழுந்து வரும். நாலு கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்து படிக்கலாம்.

எபிரேயம் தெரியாதா? எனக்கும் தெரியாது. ஆனால் கல்லைப் படிக்க ஒரு பத்துச் சங்கதி தெரிந்தால் போதும்.

மேலே தனியாக இரண்டு எழுத்து இருக்கும், பே, நூன். 'இங்கே அடக்கம்' என்பதன் சுருக்கம். சில கல்லில் நூனுக்குப் பதில் தேத் என்ற எழுத்து இருக்கும், அர்த்தம் அதேதான். அடியில் ஐந்து எழுத்து வரிசையாக: தாவ், நூன், ட்சாதி, பேத், ஹே. நம் வேதாகமத்தில் 1 சாமுவேல் 25ல் அபிகாயில் தாவீதிடம் சொல்கிற 'ஜீவனுள்ளோருடைய கட்டிலே கட்டப்பட்டிருக்கும்' என்ற வாசகத்திலிருந்து வந்த வாழ்த்தின் முதலெழுத்துகள் அவை. இரண்டு கைகளை விரித்து வைத்த சிற்பம் இருந்தால் ஆசாரியர் வம்சம், தண்ணீர்க் குடுவை இருந்தால் லேவியர் வம்சம். இவற்றுக்கு நடுவில் 'பென்' என்ற சொல்லைத் தேடுங்கள், பெண்ணின் கல் என்றால் 'பத்'. மகன், மகள் என்று அர்த்தம். அதற்கு அடுத்து வருவது அப்பா பெயர், அதுதான் உங்களுக்குத் தங்கம்.

ஆண்டு எழுத்தில் இருக்கும், எண்ணில் இருக்காது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பு, கூட்டினால் ஆண்டு. தாவ் 400, குஃப் 100, நூன் 50, ஆலெஃப் 1 என்றால் 551. பெரும்பாலும் ஐயாயிரத்தை எழுதாமல் விட்டிருப்பார்கள், நீங்கள்தான் சேர்த்து 5551 ஆக்க வேண்டும். அதில் 3760ஐக் கழித்தால் 1791. நம் கல்வெட்டுக்காரர்கள் சக ஆண்டோடு 78 கூட்டுகிற மாதிரிதான், இங்கே கழித்தல். ஒரு சிக்கல் உண்டு. யூதப் புத்தாண்டு செப்டம்பர், அக்டோபர் வாக்கில் பிறக்கும். அதற்கும் டிசம்பர் 31க்கும் நடுவே இறந்தவருக்கு 3761 கழிக்க வேண்டும். அதனால் மாதத்தைப் படிக்காமல் ஆண்டை எழுதிவிடாதீர்கள். இன்னொன்று, அவர்களுக்கு நாள் சூரிய அஸ்தமனத்தில் பிறக்கிறது. செவ்வாய் ராத்திரி இறந்தவர் கல்லில் புதன் கணக்கில் இருப்பார், அரசாங்கப் பதிவில் செவ்வாயிலேயே இருப்பார். ஒரு நாள் வித்தியாசத்தைப் பார்த்து வேறு ஆள் என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

தென்மேற்கு இங்கிலாந்துக் கல்லறைகளை ரபி (யூத மதகுரு) பெர்னார்ட் சஸ்ஸர் ஏற்கெனவே ஊர் ஊராகப் படித்து எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆகவே கல்லறைக்குப் போவதற்கு முன் அதைப் படியுங்கள், போய் வந்த பிறகும் ஒருமுறை படியுங்கள். அவர் படித்தபோது தெளிவாக இருந்த வரி இன்று மங்கியிருக்கலாம்.

பெயர்க் குழப்பம்

தமிழருக்கு இந்த இடத்தில் ஒரு வசதி இருக்கிறது, இன்ஷியல். அலெக்சாண்டர் மோசஸ் என்றால் 'மோசஸ்' குடும்பப் பெயராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மோசஸின் மகன் அலெக்சாண்டர் என்று வாசிக்கலாம். வெளிநாட்டுக்குப் போன தமிழரின் அப்பா பெயர் அங்கே 'சர்நேம்' ஆகிப் பேரப்பிள்ளை வரை ஒட்டிக்கொள்கிறதே, அதே விபத்து இங்கே இருநூறு வருடம் முந்தி நடந்திருக்கிறது. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு குடும்பப் பெயரிலும் தம்பி வேறு பெயரிலும் இருந்தால் மிரளாதீர்கள்.

அப்புறம் ஒரு ஆளுக்கே மூன்று பெயர் இருக்கும். ஜெபத்துக்கு எபிரேயப் பெயர், வீட்டுக்கு யித்திஷ் (ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழி) பெயர், கடைப் பலகைக்கு ஆங்கிலப் பெயர். அலெக்சாண்டர் ஸெண்டர் ஆவார். நஃப்தாலிக்கு மான்தான் அடையாளம், மான் யித்திஷில் ஹிர்ஷ், அது ஆங்கிலத்தில் ஹார்ட். யூதாவுக்குச் சிங்கம், அது லைப், பிறகு லயன் அல்லது லூயிஸ். ஒரு பள்ளிக்கூட நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி எல்லாப் பெயரையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டே வாருங்கள். கணினியில்தான் செய்வேன் என்றால் சரி, ஆனால் தேடும்போது எல்லா வடிவத்தையும் போட்டுத் தேட வேண்டும்.

இப்போது நான் விழுந்த குழி. சென்சஸ் பட்டியலில் ஜேக்கப், ஐசக், சாலமன், ஏப்ரகாம் என்று கண்ணில் பட்டவர்களை எல்லாம் வட்டம் போட்டு, மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு அழகான குடும்ப மரமும் வரைந்துவிட்டேன். அந்த மரத்தின் தாத்தா மெத்தடிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் பிரசங்கியார் என்று பிறகு தெரிந்தது. கார்ன்வால் மெத்தடிஸ்ட் பூமி. சுரங்கத் தொழிலாளி வீட்டில் பழைய ஏற்பாட்டுப் பெயர் வைப்பது சர்வசாதாரணம். நம்மூரில் சாலமன் என்று பெயர் இருந்தால் யூதர் என்றா நினைப்போம்? அங்கே போனதும் அந்தப் புத்தி எனக்கு வேலை செய்யவில்லை.

எனவே பெயர் மட்டும் போதாது. பெயர், தொழில், பிறந்த இடம் மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். நகை, கடிகாரம், அடகு, தலைச்சுமை வியாபாரம் என்ற தொழிலும், ஜெர்மனி, போலந்து, அல்லது லண்டன், பிளிமவுத் என்ற பிறப்பிடமும் சேர்ந்து வந்தால் பென்சிலில் குறித்துக்கொள்ளுங்கள். கல்லறையிலோ திருமணப் பதிவிலோ அந்த ஆள் கிடைத்த பிறகு மட்டும் பேனாவில்.

காகிதங்கள்

இங்கிலாந்து சென்சஸ் 1841லிருந்து பெயர் பெயராகப் பார்க்கக் கிடைக்கிறது, 1921 வரை திறந்துவிட்டார்கள். 1931 கணக்கு தீயில் போய்விட்டது, அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 1939 பதிவேடு இருக்கிறது. ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள்: இங்கிலாந்து சென்சஸில் 2001 வரை மதம் என்ன என்ற கேள்வியே இல்லை. "1861ல் எத்தனை யூதர்கள்" என்று நேரடியாகக் கேட்டு விடை வாங்க முடியாது, ஆள் ஆளாகத்தான் எண்ண வேண்டும்.

ஒரே ஒரு விதிவிலக்கு, 1851 மார்ச் 30 அன்று தனியாக எடுத்த வழிபாட்டுத் தலக் கணக்கு. எத்தனை பேர் ஜெபத்துக்கு வந்தார்கள் என்று ஒவ்வொரு கோயிலிலும் படிவம் கொடுத்துக் கேட்டார்கள். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து 53 ஜெப ஆலயங்கள் அதில் வந்தன. படிவங்கள் லண்டனில் கியூ என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. உங்கள் ஊர் ஜெப ஆலயத்தின் படிவம் கிடைத்தால் அன்றைக்கு ஒரு நல்ல சாப்பாடு வாங்கிச் சாப்பிடலாம், அவ்வளவு மதிப்பு அதற்கு. இதற்கு முன்னாலேயே, 1845ல், புதிதாகப் பதவிக்கு வந்த தலைமை ரபி நேத்தன் அட்லர் எல்லாச் சபைகளுக்கும் ஒரு கேள்விப் பட்டியல் அனுப்பினார். அந்தப் பதில்களையும் தேடுங்கள்.

சின்னச் சபையின் காகிதம் சொந்த ஊரில் இருக்காது. தலைமை ரபி அலுவலகத்துக் கடிதங்கள் லண்டன் ஆவணக் காப்பகத்தில் (2024 வரை அதன் பெயர் லண்டன் மாநகர ஆவணக் காப்பகம்), இன்னும் ஏராளமான யூத ஆவணங்கள் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக நூலகத்தில். ஊர்ப் பக்கத்துச் சங்கதிக்கு, அதாவது நில ஒப்பந்தம், வாடகை, வழக்கு போன்றவற்றுக்கு, மாவட்டக் காப்பகம்; கார்ன்வாலுக்கு அது ரெட்ரூத்தில் உள்ள கிரெசன் கெர்நோ. போகும் முன் மின்னஞ்சலில் என்ன வேண்டும் என்று எழுதிவிட்டுப் போங்கள், பெட்டியை எடுத்து வைத்திருப்பார்கள்.

திருமணம் கொஞ்சம் சுலபம். 1753 திருமணச் சட்டம் எல்லோரையும் ஆங்கிலிக்கன் கோயிலில்தான் கல்யாணம் செய்ய வேண்டும் என்றபோது யூதர்களுக்கும் குவேக்கர் என்ற சின்னக் கிறிஸ்தவப் பிரிவினருக்கும் மட்டும் விலக்குக் கொடுத்தது. 1837 ஜூலையில் அரசுப் பதிவு தொடங்கியதிலிருந்து ஜெப ஆலயச் செயலரே பதிவேடு வைத்தார். இந்தப் பதிவுகளை அடுக்கினால் கொண்டு கொடுத்த உறவு தெரியும். ஊரில் நாலைந்து குடும்பம்தான் என்றால் பெண் எடுக்கவும் கொடுக்கவும் வெளியூர் போயாக வேண்டுமே. பென்சான்ஸில் பல பத்தாண்டுகள் ரபியாக இருந்த பார்னெட் ஆஷர் சிமன்ஸ் கட்டியது ரெட்ரூத் ஜேக்கப் குடும்பத்துப் பெண் ஃப்ளோராவை. ஃபால்மவுத், பென்சான்ஸ், ரெட்ரூத், பிளிமவுத் என்று நாலு ஊர் வரைபடத்தில்தான் நாலு, சம்பந்த வழியில் பார்த்தால் ஒரே ஊர். அதனால் உங்கள் ஊரை மட்டும் தனியாக எழுத நினைத்தால் பாதி கதை கழன்றுபோகும். பெண்கள் வேறு எந்த ஆவணத்திலும் சரியாகத் தெரிவதில்லை, இந்தக் கல்யாணப் பதிவில்தான் முகம் காட்டுகிறார்கள்.

பத்திரிகைகளில் 1841ல் தொடங்கிய ஜ்யூயிஷ் கிரானிக்கிள் முதல் இடம். ஊர்ப் பத்திரிகைகளில் ராயல் கார்ன்வால் கெஸட், வெஸ்ட் பிரிட்டன் இரண்டும். யூதர் என்ற சொல்லைப் போட்டுத் தேடாதீர்கள், வேண்டாத வசவு எல்லாம் வரும். கடைக்காரர் பெயரைப் போடுங்கள்: திவால் அறிவிப்பு, கடை மாற்றம், திருட்டு வழக்கில் சாட்சி. அடகுக்கடைக்காரர் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லாத வருடமே இருக்காது.

இன்னொரு ஆவணம் யாருக்கும் சட்டென்று தோன்றாது. கடிகாரம். ஆளுயரப் பெட்டிக் கடிகாரத்தின் முகப்பில் விற்றவர் பெயரும் ஊரும் எழுதியிருக்கும். ரெட்ரூத்தில் மோசஸ் ஜேக்கப் என்ற கடிகாரக்காரர் இருந்தார். சுரங்க வேலைக்கு ஷிப்டு பார்த்துப் போகிற ஊரில் கடிகாரம் நன்றாக விற்றிருக்காதா என்ன. பழம்பொருள் ஏலக் கடைகளின் பட்டியலில் ஊர்ப் பெயரையும் 'கடிகாரம்' என்பதையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள், எந்தக் காப்பகத்திலும் இல்லாத பெயர்கள் வந்து விழும்.

பெரிய மனிதர்களைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. பென்சான்ஸில் பிறந்து கடற்படைக்கு ரம் விற்ற லெமன் ஹார்ட் பெயர் இன்றும் பாட்டிலில் இருக்கிறது, அவரை யார் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம். எனக்குப் பிடித்தவர் சாலமன் எசேக்கியல், பென்சான்ஸ் குழாய் வேலைக்காரர். யூதர்களை மதம் மாற்றுவதற்கான ஒரு சங்கத்தின் கிளையை அங்கே தொடங்கப் பார்த்தபோது, ஊர்ப் பிரமுகர் சர் ரோஸ் பிரைஸுக்கு 1820ல் கடிதம் எழுதி எதிர்த்தவர். ஈயக் குழாய் பொருத்துகிற கையால் வேத விவாதக் கடிதம்! இப்படி ஒரு ஆள் உங்கள் ஊரிலும் இருப்பார், அச்சான துண்டுப் பிரசுரங்களைத் தேடுங்கள்.

கட்டடமும் முடிவும்

ஃபால்மவுத் ஜெப ஆலயம் ஸ்மிதிக் குன்றில் இருக்கிறது, 1808ல் கட்டியது, செங்கல் கட்டடம், வளைவு ஜன்னல்கள். இன்றும் நிற்கிறது, வேறு உபயோகத்தில். அங்கிருந்து பார்த்தால் துறைமுகம் தெரியும். கப்பல் வருவதைப் பார்ப்பதற்காகவே அங்கே கட்டினார்கள் என்பார்கள். துறைமுகம் தெரிவது உண்மை. அதற்காகத்தான் கட்டினார்கள் என்பதை நான் 'ஊரில் சொல்வது' என்ற தலைப்பில்தான் எழுதி வைத்திருக்கிறேன். நோட்டில் எப்போதும் மூன்று தலைப்பு வைத்திருங்கள்: நான் பார்த்தது, காகிதத்தில் உள்ளது, ஊரில் சொல்வது. மூன்றையும் கலக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. மார்க்கெட் ஜ்யூ தெரு மூன்றாவது தலைப்பில் இருந்திருக்க வேண்டியது, யாரோ ஒருவர் முதலாவதில் எழுதிவிட்டார்.

எப்படி முடிந்தது என்பதை எழுதும்போது கலவரம், துரத்தல் என்று நாடகம் தேடாதீர்கள். ஃபால்மவுத்தில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. 1850 வாக்கில் தபால் கப்பல் வேலை சவுத்தாம்ப்டனுக்குப் போனது. 1863ல் ரயில் வந்தது. ரயிலில் சரக்கு வந்தால் மூட்டை வியாபாரியிடம் யார் வாங்குவார்? பிள்ளைகள் லண்டன், பர்மிங்காம், அமெரிக்கா என்று போனார்கள். பத்துப் பேர் எட்டானார்கள், எட்டு ஐந்தானது. 1880 வாக்கில் ஜெபம் நின்றது, 1892ல் கட்டடத்தை விற்றார்கள். பென்சான்ஸ் ஜெப ஆலயம் 1906 வரை தாக்குப்பிடித்தது.

பொருள்கள் எங்கே போயின என்றும் கேளுங்கள். ஃபால்மவுத் சபையின் தோரா சுருள், அதாவது ஜெபத்தில் வாசிக்கிற வேதச் சுருள், ட்ரூரோவில் அப்போது ராயல் கார்ன்வால் மியூசியம் என்று பெயர் கொண்டிருந்த மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்து, நூறு வருடத்துக்கு மேல் காட்சிப் பொருளாகவும் கிடங்குப் பொருளாகவும் கிடந்தது. 1999ல் கார்ன்வாலில் கெஹிலத் கெர்நோ என்று புதிதாக ஒரு யூத சபை கூடியது. 2014ல் மியூசியம் அந்தச் சுருளை அவர்களிடம் கொடுத்துவிட்டது. அதனால் 'அழிந்துபோன சமூகம்' என்று தலைப்பு வைப்பதற்கு முன் அந்த மாவட்டத்தில் இன்று இருக்கிற யூத சபைக்கு ஒரு கடிதம் போடுங்கள். பழைய குடும்பங்களின் வாரிசுகள் எங்கோ ஆஸ்திரேலியாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் அவர்களுக்குத்தான் எழுதுவார்கள், உங்களுக்கு இல்லை. உயிரோடு இருப்பவர் பெயரை அவர் சம்மதம் இல்லாமல் எங்கும் போட வேண்டாம்.

எழுதி முடித்ததும் ஒரு பிரதியை மாவட்டக் காப்பகத்துக்குக் கொடுங்கள். கல்லறைப் படங்களையும், எடுத்த தேதியோடு, எந்த வரிசையில் எத்தனையாவது கல் என்ற குறிப்போடு கொடுங்கள். படத்துக்கு 'கல் 1, கல் 2' என்று மட்டும் பெயர் வைத்தால் அடுத்த வருடம் உங்களுக்கே புரியாது. நான் அப்படி வைத்துத்தான் இரண்டாவது தடவை மழையில் போய் நின்றேன்.